பழைய ஜீப்பா, புதுக் காரா? மெட்டு ஏறுகிறவன் கணக்கு

சின்னமனூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் போனில் கேட்டான். "அண்ணே, பத்துப் பன்னெண்டு லட்சம் குடுத்துப் புதுக் கார் எடுக்குறதுக்கு, மூணு லட்சத்துக்கு நல்ல பழைய ஜீப்பு ஒண்ணு எடுத்தா என்ன? மேகமலைக்கும் போலாம், சந்தைக்கும் போலாம். மலையடிவாரத்துல இருக்குறவனுக்கு ஜீப்புதான லாயக்கு?"

இவன் மட்டும் இல்லை, தெரிந்தவர்கள் பலர் இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். காரணம், எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. ஒன்று அப்பா வாங்கிய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். தொண்ணூறுகளின் வண்டி, டீசல், நாலு கியர், படுதா மேல்கூரை, நாலு சக்கரமும் இழுக்கும். இன்னொன்று நான் எடுத்த மாருதி எர்டிகா, 2022 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். தம்பிக்கு அப்போதே சொன்ன பதில்: வேண்டாம்டா, காரையே எடு. ஆனால் எங்கள் ஜீப்பை நான் விற்கப்போவதில்லை. இது என்ன நியாயம் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்காக முதலில் கொஞ்சம். தேனியிலிருந்து குமுளி வரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர் திராட்சையும். கீழே இருக்கிறவர்களின் பிழைப்பில் பாதி மேலேதான். ஏலத்தோட்டம் கேரளத்துப் பக்கம், அதில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் பக்கம், காய் ஏலம் விடுகிற இடங்களில் ஒன்று போடி. ஆகவே தினமும் மலை ஏறி இறங்கியே ஆகவேண்டும். வண்டி போக மூன்று வழி, மெட்டு என்று நாங்கள் சொல்கிற கணவாய்கள்: போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி. தேவாரத்துக்காரர்கள் சாக்குலூத்து மெட்டுக்கு ஒரு ரோடு போட்டுக் கொடுங்கள் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ரோடு பேச்சில் மட்டும் போடப்படுகிறது.

ஜீப் வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் கழுதையும் தலைச்சுமையும்தான். மூணாறு பக்கத்துத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவந்தார்கள். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-ல். (அந்த ரயில் அகலப்பாதை வேலைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்று, 2023 ஜூனில் திரும்பப் போடிக்கு வந்தது தனிக் கதை.) இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பை 1947-ல் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது மஹிந்திரா. ராணுவத்துக்காகப் பிறந்த வண்டி ஏலக்காட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ரோடே இல்லாத இடத்தில் ஓடுகிற வண்டி கிடைத்ததால், அரசாங்கமும் ரோடு போட அவசரப்படவில்லை என்பது என் சந்தேகம்.

எங்கள் ஜீப்பில் இருப்பது பீஜோ எஞ்சின். பிரெஞ்சுக் கம்பெனியின் வடிவமைப்பு, 2112 சி.சி. பட்டறையில் கேட்டால் "டி.பி. வண்டியா, டி.ஐ. வண்டியா" என்பார்கள். டி.பி. என்றால் இந்த பீஜோ. டி.ஐ. என்றால் இன்னும் முரட்டு எஞ்சின். அதை டிராக்டர் எஞ்சின் என்றே ஊரில் சொல்வார்கள். பீஜோ காலையில் கிளம்ப ஹீட்டர் போட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கிளம்பிவிட்டால் தெரு முழுக்கத் தெரியும்.

இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமதளத்தில் தேடாதீர்கள். அங்கே போட்டியே இல்லை, கார்தான். தேனியிலிருந்து கம்பம் வரை இப்போது ஊருக்கு ஊர் புறவழிச்சாலை. அதில் ஜீப்பை எழுபதுக்கு மேல் ஓட்டினால் வண்டியும் அலறும், நாமும் அலறித்தான் பேச வேண்டும். ஆடிக் காற்று வேறு. ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய்களிலிருந்து இறங்கி வருகிற காற்று சும்மா இருக்காது. தேனியைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். சதுர மூஞ்சியும் படுதாக் கூரையும் உள்ள ஜீப்பை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஸ்டியரிங்கைக் காற்று வருகிற பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டே ஓட்டவேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது. காரில் அதே காற்று, கண்ணாடிக்கு வெளியே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் ஜீப்பில் போனவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கும். மழை என்றால் படுதா ஓரமாகத் தண்ணீர் உள்ளே வரும். அம்மாவுக்கு மூட்டுவலி, ஜீப் படியில் கால் வைத்து ஏற ஒருவர் கை கொடுக்க வேண்டும். எர்டிகாவில் கதவைத் திறந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். சீட் பெல்ட், ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் இருக்கிறது. ஜீப்பின் பின்னால் எதிரெதிரே பெஞ்சு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. சின்னப் பிள்ளைகளை அதில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவது இப்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று அப்பா சொல்வார். வளர்ந்தவர்கள் மட்டும்தானே இன்று உட்கார்ந்து அதைச் சொல்ல முடியும்?

மலைக்கு வருவோம்.

போடியிலிருந்து போடி மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி. உச்சி 4,500 அடிக்கு மேல். இந்த ஏற்றத்தில் ஏழு பேரோடு எர்டிகாவை ஓட்டினால் ஒரு விஷயம் புரியும். அந்தப் பெட்ரோல் எஞ்சினின் இழுவை உச்சத்துக்கு வருவது நிமிஷத்துக்கு 4,400 சுற்றில். அதாவது வண்டி வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும். வளைவில் எதிரே பஸ் வந்து, நீங்கள் வேகத்தை இழந்து இரண்டாவது கியரில் மாட்டினால் அது திணறும். முதல் கியருக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். "புது வண்டி, என்ன இப்படித் திணறுது?" என்று பின்னால் இருந்து மச்சான் கேட்பான். திணறுவது எஞ்சின் இல்லை, கியரை மாற்றாத கை.

பழைய டீசல் ஜீப் இதற்கு நேர் எதிர். இரண்டாயிரம் சுற்று அளவிலேயே தன் முழு இழுவையையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடும். மெதுவாக, ஒரே சீராக, இரண்டாவது கியரில் வளைவைச் சுற்றி ஏறும். வேகம் கேட்காதவரை அது மலையை மலையாகவே நினைக்காது. ஆனால் வளைவைத் திருப்புவதில் கார் ஜெயிக்கும். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எர்டிகா பதினாலரை அடி நீளம், ஜீப் அதைவிடக் குட்டை. ஆனாலும் எர்டிகாவின் திருப்பு ஆரம் 5.2 மீட்டர்தான். ஜீப்பின் முன் அச்சு ஒரே இரும்புத் தண்டு, அதன் நுனியில் சக்கரம். அவ்வளவு வளைத்துத் திரும்பாது. கொண்டை ஊசியில் எர்டிகா ஒரே மூச்சில் திரும்பிய இடத்தில் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பியவர்கள் உண்டு.

இன்னொரு தப்பு நினைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலை ரோடு என்றாலே ஃபோர்-வீல் போடவேண்டும் என்று சிலர் கீழேயே குச்சியைத் தள்ளிவிடுகிறார்கள். தார் ரோட்டில் அது கூடாது. பழைய ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் இணைக்கிற இடத்தில் விட்டுக்கொடுக்கும் அமைப்பு கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் போகிற தூரம் வேறு, பின் சக்கரங்கள் போகிற தூரம் வேறு. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். பிடிப்புள்ள தாரில் வழுக்க வழியில்லை. திருகு முழுக்க கியர் பெட்டிக்குள் போய் இறுகும். ஸ்டியரிங் கல்லாகிவிடும், குச்சியைத் திரும்ப எடுக்கவும் வராது. நல்ல ஜீப்காரர் ஃபோர்-வீலைக் கடைசியாகத்தான் தொடுவார்.

அப்படியானால் அந்தக் குச்சி எதற்கு? சின்னமனூரிலிருந்து மேகமலை போய்ப் பார்த்தால் தெரியும். தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பதினெட்டு வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஒரு காலத்தில் அது எஸ்டேட்காரர்களின் ரோடு. ஜீப்பும் பஸ்ஸும் தவிர வேறு எதையும் அதில் ஏற்ற யாருக்கும் தைரியம் வராது. ரோடு போட்ட பிறகு ஹைவேவிஸ் வரைக்கும் சின்னக் கார்கள்கூட வரிசையாகப் போகின்றன. எர்டிகாவில் நானும் குடும்பத்தோடு போய்விட்டு வந்திருக்கிறேன், ஒரு கஷ்டமும் இல்லை. அதைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று போகும்போதுதான் ரோட்டின் குணம் மழைக்கு மழை மாறும். கல் பெயர்ந்து கிடக்கும், தண்ணீர் அறுத்த பள்ளம் நடுவில் ஓடும். எர்டிகாவின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 180 மில்லிமீட்டர். அதுவும் ஆள் ஏறாதபோது. ஏழு பேர் ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அங்கே ஜீப் வேண்டும்.

போடி மெட்டிலிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். முன்பு அந்தப் பாதையில் போய் வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். இப்போது கேப் ரோட்டில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். இப்படி வருஷத்துக்கு வருஷம் ஜீப்பின் ராஜ்ஜியம் சுருங்குகிறது. அப்பா வண்டி எடுத்த காலத்தில் மலையில் பாதி தூரம் ஜீப்புக்கு மட்டுமே சொந்தம். இன்று அங்கங்கே ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் துண்டுகள்தான் மிச்சம். தம்பிக்கு நான் சொன்ன "வேண்டாம்" இந்தக் கணக்கிலிருந்து வந்தது. வருஷத்தில் நாலைந்து நாள் போகிற பத்து கிலோமீட்டருக்காக மற்ற எல்லா நாளும் ஜீப் ஓட்ட வேண்டுமா?

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மலையில் ஆளைக் கொல்வது இறக்கம். 2022 டிசம்பரில், சபரிமலை போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். வீடு வந்துவிட்டது என்ற நேரம். அந்த ரோட்டில் அடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இறக்கத்தில் ஜீப்புக்கு ஒரு வரம் உண்டு. ஃபோர்-வீல் குச்சிக்குப் பக்கத்தில் "லோ" என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் போட்டால் எல்லா கியரும் இரண்டரை மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். கல் ரோட்டில் லோ போட்டு முதல் கியரில் விட்டால், பிரேக்கைத் தொடாமலே வண்டி நடைவேகத்தில் இறங்கும். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கால் இரண்டையும் கீழே வைத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பார்த்தால் போதும். புது வண்டிகளில் இதையே கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்கள். பெயர் வேறு, விலையும் வேறு.

ஆனால் அதே ஜீப்பை தார் ரோட்டு இறக்கத்தில் வேகமாக விட்டால் கதை மாறும். டிரம் பிரேக் சூடானால் பிடிப்பு குறையும். தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச நேரம் பிடிக்கவே பிடிக்காது. லேசாக மிதித்துக் காய வைக்க வேண்டும். எர்டிகாவில் முன்னால் டிஸ்க், ஏ.பி.எஸ்., சறுக்கினால் சமாளிக்கிற ஈ.எஸ்.பி. என்று காவல் அதிகம். காவல் அதிகம் என்பதாலேயே ஓட்டுகிறவன் மெத்தனமாகிறான். நாலாவது கியரில் விட்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி, கீழே வரும்போது கருகல் வாசனை வருகிற கார்களை லோயர் கேம்ப் டீக்கடையில் நிறையப் பார்க்கலாம். சமதளத்து நகரத்திலிருந்து வந்து, ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'-யிலேயே வைத்து இறங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம். மலையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று அப்பா காலத்து டிரைவர்கள் சொல்வார்கள். அது பெட்ரோல் காருக்கும் பொருந்தும்.

மைலேஜ், செலவு எல்லாம் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீப் லிட்டருக்குப் பத்து, பதினொன்று. அதற்கு மேல் சொல்கிறவர் விற்கப் பார்க்கிறார். எர்டிகா சமதளத்தில் பதினேழு, பதினெட்டு, மலையில் பதின்மூன்று. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000-க்கு ஏற்றினார்கள். பசுமை வரி தனி. பழைய ஜீப் வாங்குகிறவர்கள் எஞ்சினைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். எஃப்.சி. எதுவரை இருக்கிறது, ஃபோர்-வீல் என்று புத்தகத்தில் இருக்கிறதா, எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவாகியிருக்கிறதா என்பது முக்கியம். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டியின் பாடி, இன்னொன்றின் கியர் பெட்டி, மூன்றாவதின் அச்சு என்று ஒட்டுப்போட்ட ஜீப்புகள் சகஜம். ஓடும், நன்றாகவே ஓடும். காகிதத்தில்தான் மாட்டும்.

பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் ஜீப் பற்றி எழுத முடியாது. போடியிலும் கம்பத்திலும் ஜீப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. மேலே தோட்டத்தில் ஓடுகிற வண்டிகள் இறங்கி வருவதால் வேலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஜீப்பைப் பார்க்கிற அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "கிராஸ் போயிருக்கு தம்பி, அடியில சத்தம் கேக்குதுல்ல" என்பார். ஒருநாள் எர்டிகாவை எடுத்துக்கொண்டு போனேன், முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"எனக்கும் இதுக்கும் பழக்கமில்ல தம்பி. ஜீப்புன்னா காது சொல்லும். இது கம்ப்யூட்டர்கிட்ட மட்டுந்தான் பேசும்."

"சின்ன விஷயமாத்தாண்ணே இருக்கும்."

"இருக்கும். ஆனா அது என்னன்னு அது எங்கிட்ட சொல்லாதே!"

ஸ்கேனர் வைத்திருக்கிற கடையில் மாட்டிப் பார்த்ததில் ஒரு சென்சார். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிஷ வேலை இரவங்கலாற்றில் வந்திருந்தால் கீழே கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். ஜீப் அங்கே நின்றிருந்தால், எஸ்டேட்டில் யாராவது ஒரு டிரைவர் கம்பியும் ரப்பர் துண்டும் வைத்து நகர்த்திவிடுவார். இதைத்தான் ஜீப் ரசிகர்கள் பெரிதாகப் பேசுவார்கள். பேசாமல் விடுவது என்னவென்றால், முப்பது வயது வண்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் அடிக்கடி நிற்கும். கிரீஸ் அடிக்க வேண்டும், பிரேக் இறுக்க வேண்டும், லீஃப் ஸ்பிரிங் பட்டையும் புஷ்ஷும் பார்க்க வேண்டும். ஓட்டாமல் வாரக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி போகும், வீல் சிலிண்டர் ஒழுகும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஜீப்புக்கு என்று ஒதுக்கத் தயாராக இல்லாதவர் பழைய ஜீப் வாங்கக் கூடாது. அப்பா ஒதுக்குகிறார், அவருக்கு அது பொழுதுபோக்கு. அதனால்தான் எங்கள் வீட்டில் ஜீப் இருக்கிறது. வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

சரி, ஜீப் தவிர வேறு எதுவும் ஆகாத இடங்களுக்கு என்ன செய்வது? வாடகை ஜீப்பில் ஏறுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 7,000 அடிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். அது தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் நம் பக்கத்திலிருந்து வண்டிப் பாதை கிடையாது. போடி மெட்டு ஏறி, கேரளத்துக்குள் போய், சூரியநெல்லியிலிருந்து ஜீப் பிடித்து, திரும்ப நம் மாவட்டத்துக்குள் வரவேண்டும். சூரிய உதயம் பார்க்க விடிவதற்கு முன்பே கிளம்புகிறார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் பாறைப் படிக்கட்டுதான். அங்கே ஓடுவதில் பெரும்பாலும் மஹிந்திராவின் பழைய மேஜர், கமாண்டர் ஜீப்புகளே. உங்கள் சொந்த ஜீப்பில் போனாலும் அந்த டிரைவர்களைப் போல ஓட்ட உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இருட்டிலேயே தெரியும். மலை ஜீப் என்பது பாதி வண்டி, பாதி டிரைவர். நாம் விலை கொடுத்து வாங்குவது முதல் பாதியை மட்டும்.

அதைவிடப் பெரிய காட்சி சித்ரா பௌர்ணமி. எல்லையில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்குத் திறக்கும். நம் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம், காட்டு வழி. முடியாதவர்கள் குமுளி போய், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிற ஜீப்பில் ஏறவேண்டும். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடுகளை முடிவு செய்வார்கள். வண்டிகளைச் சோதித்து அனுமதி கொடுத்த பிறகுதான் விடுவார்கள். ஒரு பெருந்திருவிழா முழுக்க முழுக்க ஜீப்புகளை நம்பி நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மாவை ஒரு வருஷம் அதில் கூட்டிக்கொண்டு போனேன். குமுளி டிரைவர், நம்மவரா மலையாளியா என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாத ஆள். ஏற்றம் தொடங்கியதும் அம்மா சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அம்மா, கம்பியப் பிடிச்சுக்கோங்க. ரோட்டப் பாக்காதீங்க, என்னயும் பாக்காதீங்க, மலையப் பாருங்க" என்றார் அவர். அம்மா அதையே செய்தார். இறங்கியதும் மூட்டுவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் நாம் மறந்துவிடுகிற ஜீப் ஒன்று உண்டு. விடிகாலையில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி தெருக்களில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்புகிற ஜீப்புகள். காய் எடுப்புக்கும் களை எடுப்புக்கும் போகிற பெண்கள், தூக்குவாளியும் பழைய சட்டையுமாக, பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதைப்போல இரண்டு மடங்கு பேர் மடிமேல் மடியாக. பின்னால் தொங்கிக்கொண்டும் போவார்கள். ஏதாவது ஒரு ஜீப் கவிழ்ந்தால் ஒரு வாரம் சோதனை நடக்கும், பிறகு பழையபடி. சொந்த உபயோகத்துக்குப் பதிந்த ஒயிட் போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது அதுவே வழக்காகிவிடும். காசு கொடுக்கிற தோட்டக்காரருக்கும் இது தெரியும், ஓட்டுகிறவருக்கும் தெரியும். ஏறுகிற பெண்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. பழைய ஜீப்பின் வீரத்தைப் பற்றி யூடியூபில் பேசுகிற தம்பிமார்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கம்பம் மெட்டு அடிவாரத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்களிடம் ஜீப்பா பஸ்ஸா என்று கேட்டால் பஸ் என்றுதான் சொல்வார்கள். மூன்று மெட்டுக்கும் வேலை நேரத்துக்குக் கூடுதல் பஸ் விட்டால் இந்த ஜீப்புகளில் பாதிக்கு வேலை இருக்காது. அப்படி வேலை இல்லாமல் போவதில் எனக்கு வருத்தமும் இருக்காது.

மஹிந்திராவின் புது 'தார்' ஜீப்பைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2020-ல் வந்த தார் இரண்டு உலகத்தையும் ஓரளவு சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது: ஏர்பேக்கும் உண்டு, "லோ" கியரும் உண்டு. பணம் இருந்தால் எடுங்கள். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்க்கிற தார்களில் பெரும்பாலானவை கல்யாண மண்டப வாசல்களில் நிற்கின்றன. சேறு ஒட்டிய தாரை இனிமேல்தான் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு மேல் அதில் உட்காரவும் முடியாது. ஆறேழு பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டாவது வண்டிதான்.

ஆகவே தம்பிக்கும், அவனைப் போல யோசிக்கிறவர்களுக்கும்: முதல் வண்டியாகப் பழைய ஜீப் வேண்டாம். வீட்டில் வயசானவர்களும் பிள்ளைகளும் இருந்தால் நிச்சயமாக வேண்டாம். மலைமேலே சொந்தத் தோட்டம் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு முறை கல் ரோட்டில் போகவேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் அதை மலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சும்மா "ஆஃப் ரோடு" போகலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ரோட்டை விட்டு வண்டி இறங்கினால் வழக்கு.

காரில் மேகமலை போகிறவர்கள் செக்போஸ்ட் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் என்பதை மனதில் வைத்துக் கிளம்புங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். சூரியநெல்லியிலும் குமுளியிலும் மஞ்சள் போர்டு ஜீப்பாகப் பார்த்து ஏறுங்கள், எத்தனை பேர் என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி போவதாக இருந்தால், அந்த வருஷ ஜீப் கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு விடியும் முன் குமுளியில் இருங்கள். எட்டு மணிக்குப் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும்.